பட்டறையின் கையெழுத்து

பழைய இலகு விமானம் ஒன்றைப் பிரித்துச் சீரமைத்து, மீண்டும் பறக்கும் நிலைக்கோ காட்சிக்குரிய நிலைக்கோ கொண்டுவரும் வேலையில் மிகுந்த பொறுமையைக் கேட்பது, அதன் உறுப்புகளில் தொழிற்சாலை விட்டுச்சென்ற சின்னஞ்சிறு எண்களையும் எழுத்துகளையும் முத்திரைகளையும் தேடிக் கண்டு பொருள் கொள்ளும் பகுதியாகும். உடலின் வெளிப்புறத்தில் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கும் பதிவெண் அரசுக்கும் விமான நிலையத்துக்கும் காட்டுவதற்காக எழுதப்பட்டது. விமானம் படையிலிருந்து தனியாருக்குப் போனால் அது மாறும், நாடு விட்டு நாடு போனாலும் மாறும். உறுப்புகளின் மறைவான இடங்களில் வார்க்கப்பட்டும் குத்தப்பட்டும் மையால் அழுத்தப்பட்டும் பென்சிலால் கிறுக்கப்பட்டும் கிடக்கும் குறிகளோ, பட்டறைக்குள் ஒரு தொழிலாளி அடுத்த தொழிலாளிக்குச் சொன்ன செய்திகள். வெளியார் யாரும் படிப்பார்கள் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்டவை. விமானத்தின் உண்மையான பிறப்புச் சான்று இந்த இரண்டாம் வகைக் குறிகளில்தான் இருக்கிறது. அவற்றைப் படிப்பதற்கு வேண்டிய அறிவில் பாதி ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும், மறுபாதி வார்ப்படப் பட்டறையில்தான் கிடைக்கும்.

அந்த மறுபாதியைக் கற்பதற்குக் கோயம்புத்தூரின் வடபகுதியில் சத்தியமங்கலம் சாலையை ஒட்டி அமைந்துள்ள கணபதியைப் போல் பொருத்தமான இடங்கள் குறைவு. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிவைத்த நூற்பாலையும், 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஊரைச் சுற்றிலும் பெருகிய ஆலைகளும் தம் இயந்திரங்களுக்கு இங்கிலாந்தையே நம்பியிருந்தன. தேய்ந்துபோன ஒரு பல்சக்கரத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாத நிலையில், அதை உள்ளூரிலேயே வார்த்துக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் தலையெடுத்தன. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் ஒன்றைச் செய்து காட்டினர். பாலசுந்தரம் பின்னர் நிறுவிய டெக்ஸ்டூல் நிறுவனம் கணபதியில் இயங்கி, நூற்பு இயந்திரங்களையும் இயந்திரக் கருவிகளையும் உற்பத்தி செய்தது. அதைச் சுற்றிப் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பேட்டர்ன் கடைகளும் வளர்ந்தன. பேட்டர்ன் என்பது, வார்க்கப்பட வேண்டிய உறுப்பின் வடிவத்தில் மரத்திலோ உலோகத்திலோ செய்யப்படும் முன்மாதிரி. அதை மணலில் பதித்து எடுத்த பள்ளத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றினால் உறுப்பு கிடைக்கும். இந்த வேலையில் பழகிய கைக்கு, ஓர் இரும்புத் துண்டின் மேலுள்ள எழுத்து எந்தக் கட்டத்தில் அங்கே வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கணபதிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீளமேட்டில், இன்று பன்னாட்டு விமான நிலையம் இருக்கும் இடத்தில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பராமரிக்கும் தளம் ஒன்றை நடத்திவந்தது என்பது கோவைக்காரர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. 1942 முதல் 1946 வரை இயங்கிய அத்தளத்துக்கு, கடற்படையின் வழக்கப்படி ஒரு கப்பலின் பெயரைப் போலவே 'எச்.எம்.எஸ். கருடா' என்று பெயரிட்டிருந்தனர். கிழக்கே சூலூரில் பின்னர் அமைந்த துணைத் தளத்துக்கு 'எச்.எம்.எஸ். வைரி' என்று பெயர். கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடற்படைத் தளம் அமைந்ததற்குக் காரணம் நில அமைப்புதான்: பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சித் துறைமுகத்துக்கு ரயில் பாதை உண்டு, எதிரியின் கப்பல்கள் எட்டமுடியாதபடி கரையோ வெகு தூரத்தில். கருடா என்ற பெயரை இந்தியக் கடற்படை 1953-இல் கொச்சியிலுள்ள தன் விமானத் தளத்துக்குச் சூட்டியது. சூலூரில் 1961-இல் தொடங்கப்பட்ட அக்கடற்படையின் மற்றொரு விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1964-இல் கோவாவுக்கு இடம் மாறியது. சூலூர் ஓடுதளம் விமானப்படையின் கையில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

பராமரிப்புத் தளத்தில் குறிகளைப் படிப்பது ஆராய்ச்சியன்று, அன்றாடத் தேவை. அந்நாளில் இந்துமாக்கடலில் இருந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்களில் அமெரிக்காவிலிருந்து வந்த கோர்சேர் போர்விமானமும் பயன்பட்டது; ஒரே வரைபடத்தின்படி அதை மூன்று நிறுவனங்கள் கட்டின. வாட் நிறுவனம் கட்டியது எஃப்4யூ என்றும், குட்இயர் கட்டியது எஃப்.ஜி. என்றும், ப்ரூஸ்டர் கட்டியது எஃப்3ஏ என்றும் அமெரிக்கக் கடற்படையில் குறிக்கப்பட்டன. பிரிட்டிஷார் தம் வழக்கப்படி முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை, நான்காம் வகை என்று பெயர் மாற்றி, தம்முடைய வரிசை எண்ணையும் தீட்டிக்கொண்டனர். ஆக ஒரே விமானத்துக்குக் கட்டியவர் தந்த எண், அமெரிக்கக் கடற்படை தந்த எண், பிரிட்டிஷ் எண் என மூன்று அடையாளங்கள் இருந்தன. போர் முடிந்தபின், அமெரிக்காவுடனான கடன்–குத்தகை ஒப்பந்தத்தின்படி அவற்றைத் திருப்பித் தரவேண்டும் அல்லது விலை கொடுக்கவேண்டும் என்ற நிலையில், நல்ல நிலையிலிருந்த விமானங்களே பெருந்தொகையில் கடலில் தள்ளப்பட்டன. பிழைத்து நிற்பவை சில. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் யோவில்டனிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கும் கே.டி. 431 என்ற குட்இயர் கோர்சேர். 1963-இல் அதன்மேல் பூசப்பட்ட வண்ணத்தை, 2000களின் தொடக்கத்தில் டேவிட் மாரிஸ் என்பவரின் குழுவினர் பல ஆண்டுகள் கையாலேயே சிறுகச் சிறுகச் சுரண்டி எடுத்தபோது, 1944-ஆம் ஆண்டின் மூல வண்ணமும் தொழிற்சாலைக் குறிகளும் அடியில் அப்படியே இருந்தன. புதிதாக எதையும் பூசாமல், இருந்ததை வெளிக்கொணர்வதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பழைய இயந்திரங்களைச் சீரமைப்போர் அனைவருக்கும் அந்த முடிவு ஓர் அளவுகோலாக நிற்கிறது.

இலகு விமானங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. காரணம், அவை எளிதில் பிரித்துச் சேர்க்கக்கூடியவை. தமிழகத்தில் இத்தகைய விமானங்களின் வரலாறு 1910-இல் சென்னையில் விடுதி நடத்திவந்த ஜியாக்கோமோ டி ஏஞ்சலிஸ், குதிரைவண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தின் துணையோடு இரட்டை இறக்கை விமானம் ஒன்றைச் செய்து பல்லாவரத்தில் பறந்ததிலிருந்து தொடங்குகிறது. 1920களின் இறுதியில் அரசின் உதவியோடு பறக்கும் சங்கங்கள் ஊர் ஊராக உருவாயின. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிவந்த தபால் விமானம், அங்கிருந்து நெவில் வின்சென்டின் கையில் பெல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. அது டி ஹேவிலாண்ட் நிறுவனத்தின் பஸ் மாத் என்ற சிறு விமானம். அதே நிறுவனத்தின் டைகர் மாத் 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்து, பல நாடுகளில் 8000-க்கும் மேல் கட்டப்பட்டு, இந்திய விமானப்படையில் விமானிகளைப் பழக்கியது. போருக்குப் பின் பறக்கும் சங்கங்களுக்கும் வந்தது.

டைகர் மாத்தை முதலில் டி ஹேவிலாண்ட் தன் சொந்தத் தொழிற்சாலையில் கட்டியது. போர் மூண்டபின் கௌலியிலிருந்த மாரிஸ் கார் தொழிற்சாலைக்கு அந்த வேலை மாற்றப்பட்டது. போருக்கு முந்தைய விமானங்களின் கட்டுமான எண்கள் நான்கு இலக்கத்தில் இருக்க, போர்க்காலத்தவை 8-இல் தொடங்கும் ஐந்து இலக்கத்தில் அமைந்தன. கட்டுமான எண் என்பது தொழிற்சாலை தன் வரிசைப்படி ஒவ்வொரு விமானத்துக்கும் தரும் எண். அது ஒரு சிறு உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டு உடற்சட்டகத்தில் தறையப்படும். ஆனால் பயிற்சி விமானம் என்பதே அடிபடுவதற்காகப் பிறந்தது. மாணவர் தரையிறக்கும்போது இறக்கை நுனி மண்ணில் உரசும், சக்கரக் கால் மடங்கும், மூக்கு குத்தி நிற்கும். ஒரு விமானத்தின் நல்ல இறக்கை இன்னொன்றின் நல்ல உடலோடு சேரும். இருபது ஆண்டு சேவைக்குப் பின் ஒரு டைகர் மாத்தின் நான்கு இறக்கைகளும் நான்கு வெவ்வேறு விமானங்களிலிருந்து வந்திருந்தால் அதில் வியப்பதற்கில்லை. தகடு ஒரு எண்ணைச் சொல்லும், இடப்பக்க மேலிறக்கை வேறொன்றைச் சொல்லும். பழைய விமானச் சந்தையில் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் புதிதாக ஒரு விமானத்தையே கட்டிவிடுவோரும் உண்டு. இந்திய விமானப்படை இங்கிலாந்தில் சீரமைக்கச் செய்து, 2012-ஆம் ஆண்டு விமானப்படை நாளில் மீண்டும் பறக்கவிட்ட எச்.யூ. 512 என்ற டைகர் மாத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், அதுபோன்ற ஒரு விமானத்தின் உள்ளே எத்தனை விமானங்கள் குடியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வெளியே எழுதப்படும் எழுத்துகள் எவ்வளவு எளிதில் தவறான பொருளைப் பெற்றுவிடுகின்றன என்பதற்கு இந்தியப் பதிவெண்ணே சான்று. இந்தியாவின் குடிமை விமானங்கள் எல்லாம் தாங்கும் வி.டி. என்ற இரு எழுத்துகள் 'வைஸ்ராயின் பிரதேசம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்றும், அடிமைக்காலச் சின்னம் என்றும் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டுவிட்டது. உண்மையில், 1927-இல் வாஷிங்டனில் கூடிய உலக வானொலித் தந்தி மாநாடு நாடுகளுக்கு அழைப்புக் குறிகளைப் பங்கிட்டபோது, பிரிட்டிஷ் பேரரசுக்குக் கிடைத்த வி-வரிசையில் இந்தியாவுக்கு விழுந்த பங்குதான் வி.டி. ஆஸ்திரேலியாவுக்கு வி.எச்., ஹாங்காங்குக்கு வி.ஆர். என்று அதே வரிசையில் கிடைத்தன. அங்கெல்லாம் வைஸ்ராய் இல்லை. அதற்கு முன் இந்திய விமானங்கள் ஜி.ஐ. என்ற எழுத்துகளைத் தாங்கின. குறியைக் கண்டதும் அதற்கொரு கதை கட்டிவிடாமல், அது எந்த ஏற்பாட்டின்கீழ் வந்தது என்று கேட்பதே சீரமைப்போருக்குரிய முதல் ஒழுக்கம்.

வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்து, குத்தி இறக்கிய எழுத்து, மை முத்திரை, பென்சில் கோடு என உள்ளே கிடைக்கும் குறிகள் ஒவ்வொன்றும் வேலையின் வெவ்வேறு கட்டத்தில் பிறந்தவை. கணபதிப் பட்டறைகளில் இந்த வேறுபாட்டை யாரும் பாடமாகப் படிப்பதில்லை, கையோடு வந்துவிடுகிறது.

புடைத்த எழுத்து பேட்டர்னிலிருந்து வருவது. பேட்டர்ன் மேல் ஈயத்திலோ பித்தளையிலோ செய்த சிற்றெழுத்துகளை ஒட்டிவைத்தால், அவை மணலில் பள்ளமாக விழுந்து வார்ப்பில் மேடாக எழும். எனவே அந்த எழுத்து வார்ப்பின் பாக எண்ணையோ பவுண்டரியின் அடையாளத்தையோ சொல்லுமே தவிர, அந்த உறுப்பு எந்த விமானத்துக்குப் போயிற்று என்பதைச் சொல்லாது. ஒரே பேட்டர்னிலிருந்து எடுத்த நூறு வார்ப்புகளும் ஒரே எழுத்தைத்தான் தாங்கும். சில வார்ப்புகளில் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். அச்சகப் பிழை என்றோ வெளிநாட்டு எழுத்து என்றோ மயங்கவேண்டியதில்லை: பேட்டர்னில் எண் இல்லாதபோது, மோல்டிங் செய்பவர் ஆணி நுனியால் மணலிலேயே எண்ணைக் கீறுவதுண்டு, மணலில் நேராக எழுதியது வார்ப்பில் திரும்பித்தான் வரும். தெரிந்த ஆள் மணலில் திருப்பி எழுதுவார். அவசரத்தில் மறந்தவர் எழுதிய எண் திரும்பி நிற்கும்.

புடைத்த எழுத்தை வைத்து மூலத்தை முடிவுசெய்வதில் இன்னொரு பெரிய இடர் உண்டு. புதிய பேட்டர்ன் செய்ய நேரமில்லாதபோது, கையிலிருக்கும் மூல உறுப்பையே பேட்டர்னாகக் கொண்டு மணலில் பதித்து நகல் எடுத்துவிட முடியும். ஓல்டாமிலிருந்த பிளாட் சகோதரர்கள் நிறுவனத்தின் பெயர் புடைத்து நிற்கும் நூற்பு இயந்திர உறுப்பை அப்படி நகலெடுத்தால், கோவையில் ஊற்றிய இரும்பிலும் ஓல்டாமின் பெயர் எழுந்துவிடும். ஏமாற்றும் நோக்கம் இருக்கவேண்டியதில்லை. ஆலை ஓடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் நகல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், அலுமினியம் அதற்கும் சற்று மேலே சுருங்கும். பேட்டர்ன் செய்யும் ஆசாரி அந்தச் சுருக்கத்துக்கு இடம்விட்டுப் பெரிதாகவே அளந்து செய்வார். மூல உறுப்பையே பதித்தவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நகல், மூலத்தைக் காட்டிலும் நூற்றில் ஒரு பங்கு சிறியதாக இருக்கும், எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருக்கும். முந்நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள உறுப்பில் மூன்று மில்லிமீட்டர் குறைவு என்பது வெர்னியர் அளவுகோல்கூட இல்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு. பழைய இன்ஜினின் வார்ப்பு உறுப்பில் தயாரிப்பாளரின் பெயரைக் கண்டு மகிழ்வதற்கு முன் அதை அளந்து பார்க்கும் பழக்கத்தைச் சீரமைப்போர் கோவையின் பேட்டர்ன் கடைகளில் கற்றுக்கொள்ளலாம்.

குத்தி இறக்கிய எழுத்து வேறு வகை. உறுப்பு கடைந்து முடிந்து, அளவு சரிபார்க்கப்பட்ட பின், பஞ்சு எனப்படும், முனையில் எழுத்து செதுக்கிய எஃகுக் கருவியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடியில் இறக்குவது அது. கையால் குத்தியதென்றால் எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்காது. ஒன்று ஆழமாகவும் ஒன்று சாய்ந்தும் இருக்கும். அந்தச் சாய்வு குத்தியவரின் கைவாகு. கடைகளில் விற்கும் நம்பர் பஞ்சு பெட்டியைத் திறந்தால் பத்து இலக்கங்களுக்கு ஒன்பது பஞ்சுகளே இருக்கும். ஆறையே தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. பாகத்தின் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று தெரியாத சிறு உறுப்பில் தனியாக நிற்கும் 6, 9-ஆகவும் இருக்கலாம். 66-உம் 99-உம் ஒன்றேபோல் தோன்றும். கவனமான பட்டறைகள் அடியில் ஒரு புள்ளியோ கோடோ இட்டு இதைத் தீர்த்தன; கவனமற்ற இடங்களில், பக்கத்து உறுப்பின் எண்ணை வைத்தே முடிவுகட்ட வேண்டியிருக்கும். எண் குத்தப்பட்ட காலத்தை அறியவும் வழியுண்டு. எஃகு உறுப்புகளுக்குத் துரு பிடிக்காமல் காட்மியம் முலாம் பூசுவது விமானத் தொழிலின் வழக்கம்; முலாம் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருந்தால் குத்தியது முலாமுக்கு முன்பு, அதாவது தொழிற்சாலையில்; பள்ளத்தின் விளிம்பில் முலாம் கிழிந்திருந்தால் குத்தியது பின்பு, பெரும்பாலும் ஏதோ ஒரு பழுதுபார்க்கும் கூடத்தில். பீளமேடு போன்ற தளங்களின் கைவேலையைத் தேடவேண்டிய இடம் இந்தக் கிழிந்த விளிம்புதான்.

குத்திய எழுத்துகளில் சில, ஒரு நாட்டுத் தொழில்முறையையே சொல்லிவிடும். பிரிட்டிஷ் விமானங்களின் பொது உறுப்புகளான போல்ட், நட் முதலியவை ஏ.ஜி.எஸ். என்ற வரிசை எண்களைத் தாங்கும். அமெரிக்க விமானங்களில் ஏ.என். என்ற வரிசை. அமெரிக்க எஃகு போல்ட்டின் தலையில் நட்சத்திரம்போல் ஒரு குறுக்குக் கோட்டுச் சின்னம் புடைத்திருக்கும். பேர்மிங்காமுக்கு அருகே காசில் பிராம்விச் தொழிற்சாலையில் கட்டிய ஸ்பிட்ஃபயர் விமானங்கள் சி.பி.ஏ.எஃப். என்று தொடங்கும் எண்களைத் தாங்குகின்றன. தொழிற்சாலையின் பெயரில் உள்ள சொற்களின் முதலெழுத்துகளே அவை. பெங்களூரில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் பங்காலும் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இரு மரபுகளையும் கையாண்டது. வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1951 ஆகஸ்ட்டில் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்துக்குப் பிரிட்டனின் சிரஸ் மேஜர் இன்ஜின். 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலாகப் பறந்து, பின்னர் நாடெங்குமுள்ள பறக்கும் சங்கங்களுக்குப் போன புஷ்பக்குக்கு அமெரிக்காவின் கான்டினென்டல் இன்ஜின், அதன் வடிவமும் அமெரிக்க ஏரோன்கா விமானத்தை ஒட்டியது. பிரிட்டிஷ் மரையும் அமெரிக்க மரையும் ஓரிரு சுற்று ஏறிப் பிறகு சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. போல்ட் தலையிலுள்ள குறியைப் படிக்காமல் மாற்றிப் போட்டவர் இழைகளைக் கெடுத்துவிடுவார். ஆகவே அந்தக் குறி வரலாற்றுச் செய்தியாக இருப்பதற்கு முன்பே உயிர் காக்கும் செய்தியாக இருந்தது.

மரத்தில் விழுந்த முத்திரைகள் இவை எல்லாவற்றையும்விட மென்மையானவை. டைகர் மாத்தின் இறக்கையில் ஸ்புரூஸ் என்ற இலேசான ஊசியிலை மரத்தாலான இரண்டு நெடுஞ்சட்டங்கள் நுனிவரை ஓடும். அவற்றின் குறுக்கே, மீன் முள்ளைப் போல, மெல்லிய விலாச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். பிரிட்டனில் 1913-இல் தோற்றுவிக்கப்பட்ட வானூர்திப் பரிசோதனை இயக்ககம், மரத்தின் இழையோட்டம் முதல் பசையின் பிடிப்பு வரை சோதித்து, தேறியதன்மேல் தன் முத்திரையை இடச்செய்தது. முத்திரைக்குள் இருக்கும் எண் பரிசோதகரைக் குறிக்கும். பழைய துணியைக் கத்தியால் கீறி உரித்ததும், பழுப்பேறிய வார்னிஷின் அடியில் காசளவு வட்டமாக அந்த மை முத்திரை தென்படும்போது, அது வார்னிஷுக்கு அடியில் இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அடியிலிருந்தால் பிறந்த இடத்தின் முத்திரை. மேலிருந்தால் பின்னாளில் பழுதுபார்த்தவர் இட்டது. முத்திரைக்குப் பக்கத்திலேயே தச்சரின் பென்சில் கோடுகள் கிடக்கும்: விலாச்சட்டம் நிற்கவேண்டிய இடம், இடப்பக்கமா வலப்பக்கமா என்ற குறிப்பு, கூட்டிப் பார்த்த கணக்கு. பரிசோதகரின் எண்ணையாவது ஏதேனும் பதிவேட்டில் தேடலாம். தச்சரை அந்தக் கோட்டைத் தவிர வேறெங்கும் தேட முடியாது. மணல்தாளை எடுத்து ஒரு மணி நேரம் தேய்த்தால் சட்டம் புதிதுபோல் மின்னும், அந்த ஆளும் மறைந்துபோவார். அழகுக்காக அதைச் செய்வது மன்னிக்கத் தகாத செயல்.

உரித்த துணியும் பேசும். இறக்கைத் துணியை விலாச்சட்டங்களோடு மெழுகிட்ட நூலால் தைத்து, அதன்மேல் டோப் என்ற கரைசலைப் பல தடவை பூசுவார்கள். அது காயும்போது துணியைச் சுருக்கி முரசின் தோலைப்போல் இறுக்கிவிடும். அடிப்பூச்சு சிவப்பாகவும், வெயில் துணியை அரிக்காதிருக்க அதன்மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு வெள்ளி நிறமாகவும் இருக்கும். டி ஹேவிலாண்டின் மற்றொரு புகழ்பெற்ற படைப்பான மாஸ்கிட்டோ, ஒட்டுப்பலகையால் ஆன போர்விமானம். அந்தப் பலகையின்மேல் ஒட்டி டோப் பூசிய மெல்லிய பருத்தித் துணிக்கு மடப்பொல்லம் என்று பெயர். ஆந்திராவின் நரசாபுரத்துக்கு அருகே கிழக்கிந்தியக் கம்பெனி வணிகச்சாலை வைத்திருந்த மாதவாயப்பாளையம் என்ற நெசவாளர் ஊரின் பெயர்தான் ஆங்கிலேயரின் நாவில் அப்படித் திரிந்தது. 1940-இல் இங்கிலாந்தில் பறந்த விமானத்தின் தோலுக்குக் கோதாவரிக்கரை நெசவூரின் பெயர் இருந்தது என்பதைப் பருத்தியால் வளர்ந்த கோவைக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது.

வண்ணப் படலங்களுக்கும் ஒரு கால வரிசை உண்டு. போருக்கு முன் இந்திய விமானங்களில் நடுவில் சிவப்புப் புள்ளியுடைய பிரிட்டிஷ் வட்டச் சின்னம் இருந்தது. ஜப்பானின் செஞ்சூரியனோடு குழம்பித் தம்மவரே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக, போர்க்காலத்தில் சிவப்பு நீக்கப்பட்டு இரு நீலங்களாலான சின்னம் வந்தது. விடுதலைக்குப் பின் சிலகாலம் அசோகச் சக்கரமும், 1950 முதல் மூவண்ண வட்டமும் இடம்பெற்றன. ஓரிடத்தில் சிறு சாளரம்போல் படலம் படலமாகச் சுரண்டிப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் இச்சின்னங்களை எண்ணிவிடலாம். ஆனால் மேற்படலம் நினைவுக்காகத் தீட்டப்பட்டதாகவும் இருக்கலாம். 2018-இல் இந்திய விமானப்படைக்குப் பரிசாக வந்த 'பரசுராமா' என்ற டகோட்டா விமானம் வி.பி. 905 என்ற எண்ணைத் தாங்குகிறது. அது 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய விமானத்தின் நினைவாகச் சூட்டிய எண். பரசுராமாவோ பிரிட்டிஷ் விமானப்படையில் கே.என். 397 என்றும், பின்னர் பிரிட்டனின் குடிமைப் பதிவில் ஜி-ஏ.எம்.எஸ்.வி. என்றும் வாழ்ந்த வேறொரு விமானம். நினைவுக்குச் செய்த மரியாதை போற்றத்தக்கதே. ஆயினும் ஐம்பது ஆண்டு கழித்து அதைப் பிரித்துப் பார்ப்பவர் குழம்பாதிருக்க, அதன் சொந்த எண்களும் உள்ளே அழியாமல் இருந்தாக வேண்டும்.

பயன்பாட்டிலிருந்து நீக்கிய விமானங்களைக் கல்லூரிகளில் நிறுத்திவைக்கும் வழக்கத்தின் பயனை அப்துல் கலாமின் தன்வரலாறு காட்டுகிறது: குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நின்ற இரண்டு பழைய விமானங்களே தம்மை வானூர்திப் பொறியியலின்பால் ஈர்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். அப்படி நிற்கும் விமானங்களுக்கு அடிக்கடி புது வண்ணம் அடிப்பதைப் பராமரிப்பு என்று எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் நடக்கும் தேய்ப்பில் சில எண்கள் போய்விடுகின்றன. கோவை அவிநாசி சாலையில் 2015 முதல் இயங்கிவரும் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் பழைய வாகனங்களை மதிக்கும் கண்ணை மக்களுக்குப் பழக்கியிருக்கின்றன. அந்தக் கண் பளபளப்பைத் தாண்டி அடிச்சட்டத்தின் எண்ணையும் தேடத் தொடங்கவேண்டும்.

தேடும் முறை எளியது, செலவில்லாதது. இருட்டிய அறையில் கைவிளக்கை உறுப்பின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத குத்தெழுத்துகள் நிழல் விழுந்து எழும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சில் கரியால் தேய்த்தால், குழந்தைகள் காசை நகலெடுப்பதுபோல் எண் தாளில் வந்துவிடும். மை முத்திரைகளை ஈரத்துணியால்கூடத் துடைக்காமல், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, உறுப்பின் எந்த முகத்தில் எந்தத் திசை நோக்கி இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளவேண்டும். திசையை எழுதுவது கடைசியில்தான் பயன் தரும். நான்கு இறக்கைகளின் எண்களையும் உடலின் எண்ணையும் ஒரே தாளில் எழுதி அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பொருந்தாமல் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு இலக்கமாக இருக்கும். குத்தியவர் பஞ்சை எந்தப் பக்கமாகப் பிடித்தார் என்பதைப் பக்கத்து விலாச்சட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்டு, அது ஆறா ஒன்பதா என்று தெளிந்த பிறகே புதிய துணியில் ஊசி இறங்கவேண்டும்.